கொடைக்கானல் ஏரிக்கு சனிக்கிழமை தெரியாது

இந்த எபிசோடு கொடைக்கானலைப் பற்றியது. எங்கே தங்கலாம், எந்தக் கடையில் சாக்லேட் வாங்கலாம் என்கிற எபிசோடு இல்லை. அதற்கு ரீல்ஸ் இருக்கிறது. இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான்: கொடைக்கானல் ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தாங்கும்?

இ-பாஸ் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி நம்ம எல்லார் வாயிலும் வேறு வடிவத்தில் வருகிறது. "நான் ஏன்டா என் சொந்த மாநிலத்துல ஒரு ஊருக்குப் போக பாஸ் எடுக்கணும்?" நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்ல, முதலில் அந்த மலையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ஒரு சிஸ்டம் எவ்வளவு லோடு தாங்கும், எந்த இடத்தில் முதலில் விழும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு கொடைக்கானலைப் பார்ப்போம் வாங்க.

கிண்ணத்தின் அடியில் ஓர் ஏரி

நிறைய பேருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: கொடைக்கானல் ஏரி இயற்கை ஏரி இல்லை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், ஓடைகள் வந்து சேரும் சதுப்பான பள்ளத்தில் கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். அப்படி உருவானதுதான் இந்த நட்சத்திர வடிவ ஏரி. பரப்பு சுமார் 60 ஏக்கர், அதாவது 24 ஹெக்டேர். சுற்றி வந்தால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு ரவுண்டு போனவர்களுக்கு அந்த தூரம் காலில் நினைவிருக்கும்.

இங்கே இரண்டு விஷயம் மனதில் வைத்துக்கொள்ளுங்க. ஒன்று, ஏரி சின்னது, ஆழமும் குறைவு. சராசரி ஆழம் 3 மீட்டர் அளவுதான். இரண்டு, ஊர் ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில் இருக்கிறது. ஒரு கிண்ணத்தை நினைத்துக்கொள்ளுங்க. கிண்ணத்தின் ஓரங்களில் ஹோட்டல், காட்டேஜ், வீடு, கடை. அடியில் ஏரி. ஓரத்தில் எதைக் கொட்டினாலும், எது கசிந்தாலும், அது உருண்டு போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

கிண்ணம் நிரம்பினால் வழியும் இல்லையா? அதையும் நீங்க பார்த்திருப்பீங்க. வத்தலக்குண்டு பாதையில் ஏறும்போது, கொடைக்கானலுக்கு 8 கிலோமீட்டர் முன்னால் எல்லாரும் வண்டியை நிறுத்தி போட்டோ எடுக்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி. ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான் அங்கே விழுகிறது. பின்னணியில் அவ்வளவு அழகாக இருக்கும் அந்த அருவி, ஒரு விதத்தில் மேலே உள்ள ஊரின் வடிகால்.

தண்ணீர் கணக்கு

2011 கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. இந்த ஊருக்கான குடிநீர், குழாய், சாலை, துப்புரவுப் பணியாளர் எல்லாமே அடிப்படையில் இந்த அளவு ஊருக்காகத் திட்டமிடப்படுபவை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2025 கோடைக்கு சென்னை உயர் நீதிமன்றம் கொடைக்கானலுக்கு ஒரு வரம்பு வைத்தது: வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி. ஒரு வண்டிக்கு சராசரியாக 4 பேர் என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம்தான். வேனும் சுற்றுலா பஸ்ஸும் சேர்ந்தால் கூடும். வார இறுதியில் ஒரே நாளில் 24,000 பேர். வரம்புக்கு உட்பட்டே, ஊர் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பேர் ஒரே நாளில் மலையேறலாம்.

நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்குப் பயன்படுத்தும் அளவுகோல். இந்த 24,000 பேரும் ராத்திரி தங்கினால் 32 லட்சம் லிட்டருக்கு மேல் தேவை. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்கு போட்டால் 270 லோடு. ஒரு நாளைக்கு! சரி, எல்லாரும் தங்குவதில்லை, பாதிப் பேர் சாயங்காலமே இறங்கிவிடுகிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் 135 லோடு.

இதில் காலண்டர் வேறு சதி செய்கிறது. கொடைக்கானலுக்கு அதிகமாக மழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அடுத்து ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆக, நீர்த்தேக்கங்கள் இறங்கிப்போய் இருக்கும் ஏப்ரலில்தான் நம்ம பரீட்சை முடிந்து, லீவு விட்டு, கீழே வெயில் கொளுத்தி, எல்லாரும் ஒன்றாக வண்டியைக் கிளப்புகிறோம். தண்ணீர் குறைவாக இருக்கும்போது ஆள் அதிகம். ஒரு சிஸ்டத்தை வேண்டுமென்றே கெடுக்க நினைத்தால்கூட இதைவிட மோசமான டைமிங் வைக்க முடியாது.

என் டீமில் ஒருத்தர் கொடைக்கானல்காரர். மூஞ்சிக்கல் பக்கம் வீடு. மே மாதம் வந்தால் அவர் அம்மா தினமும் போனில் கேட்பது ஒன்றுதானாம்: "இன்னைக்குத் தண்ணி வருமா வராதான்னு யாருக்காவது தெரியுமா?" பணம் கொடுத்தால் டேங்கர் கிடைக்கும். ஆனால் சீசனில் டேங்கர்க்காரர் முதலில் யாருக்குப் போவார்? பத்து லோடு கேட்கும் ஹோட்டலுக்கா, அரை லோடு கேட்கும் வீட்டுக்கா? இதில் டேங்கர்க்காரரைக் குறை சொல்லவும் முடியாது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ரூமில் வெந்நீர் ஷவர் நிற்காமல் ஓட, பக்கத்துத் தெருவில் குடம் காத்திருக்கிறது.

உள்ளே போன தண்ணீர் எங்கே போகிறது?

உள்ளே போன தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். இதைப் பற்றி யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

சமவெளியில் செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது? திடக் கழிவு தொட்டியில் தங்கும். மேலே நிற்கும் கழிவுநீர் மண்ணில் மெதுவாக இறங்கும். மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிரிகளும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்யும். இதற்கு இரண்டு விஷயம் வேண்டும்: போதுமான மண், போதுமான நேரம். மலைச்சரிவில் இரண்டுமே குறைவு. மண்ணுக்குக் கீழே சீக்கிரமே பாறை வந்துவிடும். தண்ணீர் கீழே இறங்காமல் சரிவிலேயே பக்கவாட்டில் ஓடும். 5 பேர் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டை "ஹோம்ஸ்டே" ஆக்கி 25 பேரைத் தங்கவைத்தால், தொட்டியில் கழிவு தங்கும் நேரமும் அதே விகிதத்தில் குறையும். அரைகுறையாகச் சுத்தமான தண்ணீர் ஓடைக்குப் போகும். ஓடை கிண்ணத்தின் அடிக்குப் போகும்.

கழிவுநீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் நிறைய இருக்கும். வயலில் உரமாகப் போடுவதும் இதையேதான். ஏரிக்குள் உரம் போனால் என்ன ஆகும்? நீர்ச்செடிகளும் பாசியும் தாறுமாறாக வளரும். வளர்ந்தது சாகும், அடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சு முட்டும். ஆழம் குறைந்த ஏரி என்பதால் வெளிச்சம் அடிவரை போய் இது இன்னும் வேகமாக நடக்கும். கொடைக்கானல் ஏரியில் படகில் போகும்போது துடுப்பில் சிக்கும் அந்தப் பச்சைக் கொத்து, இந்தக் கதையின் முக்கால்வாசியைச் சொல்லிவிடும். ஆண்டுக்காண்டு செடியை வாரி எடுப்பது, சர்வரில் டிஸ்க் நிறையும்போதெல்லாம் லாக் பைலை மட்டும் அழிப்பது மாதிரி. எது எழுதிக்கொண்டே இருக்கிறதோ அதை நிறுத்தாதவரை திரும்பவும் நிறையும்.

சாலை: கடைசி 15 சதவீதத்தின் கதை

கொடைக்கானலுக்கு முக்கியமான மலைப்பாதைகள் இரண்டு. ஒன்று வத்தலக்குண்டு வழி, இன்னொன்று பழனி வழி. இரண்டும் பெருமாள்மலையில் சேர்ந்து, அங்கிருந்து ஊருக்குள் ஒரே பாதையாகப் போகின்றன. எங்க பாஷையில் இதற்குப் பெயர் பாட்டில்நெக்.

இங்கே வரிசைக் கோட்பாடு என்று ஒரு கணிதம் இருக்கிறது. பயப்படாதீங்க, எளிமையாகவே சொல்கிறேன். ஒரு கவுன்ட்டர் தன் திறனில் 50 சதவீதம் பிசியாக இருந்தால், வரிசையில் நிற்பதையும் சேர்த்து, உங்கள் வேலை முடிய சராசரியாக 2 மடங்கு நேரம் ஆகும். 80 சதவீதம் பிசி என்றால் 5 மடங்கு. 90 சதவீதம் என்றால் 10 மடங்கு. 95 சதவீதம் என்றால் 20 மடங்கு. அதாவது லோடு நேர்கோட்டில் ஏறும். காத்திருப்பு மட்டும் கடைசியில் செங்குத்தாக ஏறும். இது பாடப்புத்தகத்தில் வரும் எளிய மாடல். உண்மையான சாலையில் எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த வளைவின் வடிவம் பொருந்தும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 95-லிருந்து 80-க்கு இறக்கினாலே காத்திருப்பு 20 மடங்கிலிருந்து 5 மடங்காகக் குறைகிறது. எல்லாரையும் தடுக்க வேண்டியதில்லை. கடைசியாக வந்து சேரும் அந்தக் கொஞ்சம் வண்டிகளை வேறு நாளுக்கு மாற்றினாலே போதும்.

இது நம்ம சௌகரியத்துக்கான கணக்கு மட்டும் இல்லை. கொடைக்கானலில் ஒருத்தருக்கு நெஞ்சுவலி வந்து மேல் சிகிச்சை வேண்டும் என்றால் தேனிக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கென்று தனிப்பாதை கிடையாது. கொண்டை ஊசி வளைவில் எதிர் வரிசையை முந்தி நுழைந்த ஒரே ஒரு கார் போதும், இரண்டு பக்கமும் நகராது. நமக்கு அது "மூணு மணி நேரம் டிராஃபிக்கில் மாட்டினோம்" என்கிற ஸ்டோரி. ஆம்புலன்ஸுக்குள் இருப்பவருக்கு அந்த மூன்று மணி நேரம் வேறு.

"நம்ம ஜனங்க சரியில்லை" என்கிற பதில்

இந்தப் பேச்சு வந்தாலே ஒருத்தர் சொல்லிவிடுவார்: "நம்ம ஆளுங்களுக்கு சிவிக் சென்ஸ் கிடையாது பாஸ். ஃபாரின்ல பாருங்க."

சரி, ஃபாரினைப் பார்ப்போம். ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்று ஓர் ஏரிக்கரைக் கிராமம். 1997-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பகுதியில் இருக்கிறது. குடியிருப்பவர்கள் 800-க்கும் குறைவு. உச்ச சீசனில் ஒரு நாளைக்கு 10,000 பேர் வரை வருகிறார்கள். 2020-லிருந்து சுற்றுலா பஸ்கள் முன்கூட்டியே நேரம் பதிவு செய்துதான் வர வேண்டும். அப்படியும் 2023 மே மாதம் செல்ஃபி கூட்டத்தைக் குறைக்க, ஏரிக் காட்சியை மறைத்து ஒரு மரத் தடுப்பே வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர்க்காரர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள். தினசரி வரம்பு வேண்டும், சாயங்காலம் 5 மணிக்கு மேல் சுற்றுலா பஸ் வரக்கூடாது என்று கேட்டார்கள்.

ஹால்ஸ்டாட்டில் பிரச்சினை குப்பை போடுவது இல்லை. ஒரு குப்பைகூடப் போடாத, சத்தம் போடாத, மிக ஒழுங்கான 10,000 பேர் வந்தாலும் 800 பேர் ஊர் திணறும். ஏனென்றால் நல்லவரும் தண்ணீர் குடிப்பார், கழிப்பறை போவார், காரை எங்காவது நிறுத்துவார். ஒழுக்கம் தேவைதான். ஆனால் ஒழுக்கத்தால் கொள்ளளவு கூடாது.

ஒழுக்கத்தைக்கூட போர்டு வைத்து வரவழைப்பதைவிட, ஏற்பாடு செய்து வரவழைப்பது சுலபம். நீலகிரியில் காட்டுக்குள் உடைந்து கிடக்கும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில், 2022-ல் உயர் நீதிமன்றத் தலையீட்டால் ஒரு திட்டம் வந்தது. டாஸ்மாக்கில் ஒரு பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். காட்டுக்குப் போன பாட்டில்கள் கடைக்குத் திரும்ப ஆரம்பித்தன. குடிக்கிறவர்கள் ஒரே இரவில் இயற்கை ஆர்வலர்கள் ஆகிவிடவில்லை. கணக்கு மாறியது, அவ்வளவுதான். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போட்டதும் இதே வழியில்தான்.

இ-பாஸ்: முதலில் லாக், அப்புறம் லிமிட்

இப்போது இ-பாஸுக்கு வருவோம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆனது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. அந்த வருடம் எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை. விண்ணப்பித்த எல்லாருக்கும் பாஸ் கிடைத்தது. "அப்புறம் எதுக்குடா இந்த ஃபார்மாலிட்டி?" என்று நிறைய பேர் கேட்டார்கள்.

சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். ஒரு சிஸ்டத்தில் லோடு அதிகம் என்று சந்தேகம் வந்தால், முதலில் யாரையும் தடுக்க மாட்டோம். முதலில் லாக் எடுப்போம். எத்தனை பேர், எந்த நாள், எந்த வகை வண்டி, தங்குகிறார்களா, அன்றே திரும்புகிறார்களா? இந்த விவரம் இல்லாமல் போடும் எந்த வரம்பும் வெறும் ஊகம். 2024-ன் இ-பாஸ் அந்த லாக். மலைகளின் தாங்குதிறனை ஆராய ஐஐடி மெட்ராஸையும் ஐஐஎம் பெங்களூருவையும் நீதிமன்றம் கேட்டுக்கொண்டது.

2025-ல்தான் உண்மையான லிமிட் வந்தது. ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை, நான் முன்னால் சொன்ன 4,000, 6,000. ஊட்டிக்கு 6,000, 8,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸுக்கும் விவசாய விளைபொருள் வண்டிகளுக்கும் விலக்கு.

இந்த எண்களில் என்னை உறுத்தும் ஒரு விஷயம் இருக்கிறது. வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000. ஏன்?

யோசிச்சுப் பாருங்க. சனிக்கிழமை காலையில் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் ஒன்றரை மடங்கு ஆகிவிடுமா? பெருமாள்மலையில் சாலை ஒன்றரை மடங்கு அகலமாகுமா? செப்டிக் டேங்க் பெரிதாகுமா? ஏரிக்கு சனிக்கிழமை எது, செவ்வாய்க்கிழமை எது என்று தெரியாது. தாங்குதிறன் என்பது உண்மையில் மலையின் குணம் என்றால், அது ஏழு நாளும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வார இறுதிக்கு அதிகம் கொடுத்திருப்பது, வருபவர்களின் தேவைக்கு இடம் கொடுத்த ஒரு சமரசம். ஆரம்பத்துக்கு அது பரவாயில்லை. ஒரேயடியாக இறுக்கினால் எதிர்ப்பில் மொத்தத் திட்டமே போய்விடும். நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பே நடத்தினார்கள். ஆனால் இதுதான் இறுதி எண் என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது.

வண்டியை மட்டும் எண்ணுவதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு பேர் வரும் காரும் ஒரு பாஸ், 50 பேர் வரும் பஸ்ஸும் ஒரு பாஸ். சாலைக்கு காரணமாக இருப்பது வண்டி. ஆனால் தண்ணீருக்கும் கழிவுக்கும் காரணம் ஆள், அதிலும் ராத்திரி தங்கும் ஆள். அதனால் படுக்கைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு கணக்கு வேண்டும். விதிமீறிக் கட்டிய கட்டிடங்களுக்கு 2019-ல் நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைக்கப்பட்டபோது கொடைக்கானல் பார்த்தது அந்தக் கணக்கின் பாக்கியைத்தான்.

அதே மலையில் இன்னொரு ஏரி

"லிமிட் போட்டா டூரிசமே செத்துடும்" என்பவர்களுக்கு ஓர் உதாரணம் அதே மலையில் இருக்கிறது. கொடைக்கானல் ஊரிலிருந்து 20-க்கும் மேற்பட்ட கிலோமீட்டர் காட்டுக்குள் போனால் பேரிஜம் ஏரி. அதன் தண்ணீர் கீழே பெரியகுளம் ஊருக்குக் குடிநீராகப் போகிறது. அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான். பகலில் மட்டும்தான். தங்க முடியாது. யானை நடமாட்டம் இருந்தால் அன்றைக்கு யாருக்கும் அனுமதி இல்லை.

போய் வந்தவர்கள் யாரும் "பாஸ் எடுக்க வேண்டியிருந்தது, அதனால் பிடிக்கவில்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கொடைக்கானலில் பெஸ்ட் அதுதான்" என்றுதான் சொல்கிறார்கள். அது அப்படி இருப்பதற்கே காரணம் அந்த வரம்பு. கிழே ஓர் ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்று எல்லாருக்கும் தெரிவதால் அங்கே கட்டுப்பாடு இயல்பாகத் தெரிகிறது. உண்மையில் பழனி மலை முழுக்கவே அப்படித்தான். அதன் ஓடைகள் வடக்கே அமராவதிக்கும் தெற்கே வைகைக்கும் போகின்றன. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி மெதுவாக விடுவதால்தான் மழை இல்லாத மாதங்களிலும் அந்த ஓடைகளில் தண்ணீர் வருகிறது. நமக்கு அது வியூ பாயின்ட். கீழே இருப்பவர்களுக்கு அது ஓவர்ஹெட் டேங்க்.

அப்போ போகவே கூடாதா?

இதை என் டீம் நண்பரிடமே கேட்டேன். அவர் அப்பா ஏரி ரோட்டில் சின்னக் கடை வைத்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "வராதீங்கன்னு எங்களால சொல்ல முடியாது. ரெண்டு மாச சீசன்ல சம்பாதிக்கிறதுலதான் மழைக்காலம் ஓடுது. ஆனா எல்லாரும் ஒரே சனிக்கிழமை வந்தா, எங்க அப்பா கடைக்கே அவரால போக முடியல. வந்தவங்களும் கார்லயே உட்கார்ந்திருக்காங்க, இறங்கி ஒண்ணும் வாங்கறதில்ல."

இதைக் கவனிங்க. கூட்டம் அதிகமானால் வியாபாரம் அதிகம் என்பது ஓர் எல்லை வரைதான் உண்மை. அதற்கு மேல், வந்தவர் நேரம் சாலையில் போய்விடுகிறது. மட்டக்குதிரைக்காரருக்கும், சுட்ட சோளம் விற்கும் அக்காவுக்கும், மேல்மலையிலிருந்து பூண்டு கொண்டுவரும் விவசாயிக்கும் தேவை ஒரே நாள் வெள்ளம் இல்லை. வாரம் முழுக்க, வருடம் முழுக்க ஓடும் ஓடை. மொத்த எண்ணிக்கையைக் குறைக்காமல், அதைப் பரப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். எங்க வேலையில் தினமும் செய்வதுதான் இது: பீக் லோடைத் தட்டையாக்குவது.

ஆக, போகலாம். எப்படி என்பதுதான் கேள்வி. நம்ம கையில் இருக்கும் சிலவற்றை மட்டும் சொல்றேன்.

ஒர்க் ஃப்ரம் ஹோம் வசதியும் லீவும் இருக்கிற நம்ம ஆட்கள் ஏன் சனி, ஞாயிறையே பிடித்துக்கொண்டு போக வேண்டும்? பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு மே மாதத்தை விட்டால் வேறு வழியில்லை. நமக்கு செவ்வாய், புதன் இருக்கிறது. ஆகஸ்டும் பிப்ரவரியும் இருக்கிறது. அந்த சனிக்கிழமை சீட்டை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம். ரூம் வாடகையும் குறைவு.

அரசு பஸ்ஸில் போகலாம். ஒரு பஸ்ஸில் 50 பேர் என்றால் மலைப்பாதையில் பத்துப் பன்னிரண்டு கார் குறைகிறது. பாஸும் தேவையில்லை.

தங்குமிடம் புக் பண்ணும்போது வைஃபை இருக்கா என்று கேட்பது மாதிரி, இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்க: "பதிவு பண்ணின லாட்ஜா? கழிவுநீர் எங்கே போகுது?" முதல் ஆள் கேட்டால் சிரிப்பார்கள். நூறாவது ஆள் கேட்கும்போது பதில் தயாராக இருக்கும். ரேட்டிங் போடும் நமக்கு அந்தப் பலம் இருக்கிறது.

அப்புறம், ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே இடத்துக்கு ஓடும் பழக்கம். 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தது, குணா குகைக்குக் கூட்டம் பெருகியது. அந்தக் குகைக்கு அந்தப் பெயர் வந்ததே 1991-ல் வந்த 'குணா' படத்தால்தான். சினிமா ஊரைக் காட்டுவதில் தப்பில்லை. ஆனால் நாம் போடும் லொகேஷன் டேகும் அதே வேலையைத்தான் செய்கிறது, சின்ன அளவில், தினமும். மேல்மலையில் ஆள் போகாத ஒரு புல்வெளியைக் கண்டுபிடித்தால் போட்டோ போடுங்க, டேக் போடாதீங்க. 2030-ல் குறிஞ்சி அடுத்து பூக்க வேண்டும். 2018-ல் பூத்ததற்கு அப்புறம் 12 வருடம் காத்திருக்கும் செடி அது. அது பூக்கும் சரிவில் நம்ம கார் பார்க்கிங் இருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை இ-பாஸ் கிடைக்காமல் "அந்தத் தேதி ஃபுல்" என்று வந்தால் கோபம் வரும். வரட்டும். ஆனால் அது "உனக்கு இடமில்லை" என்று சொல்லவில்லை. "இன்னைக்கு இல்ல, புதன்கிழமை வா" என்றுதான் சொல்கிறது. அந்தப் பதிலை நாம் ஏற்றுக்கொண்டால், மூஞ்சிக்கல்லில் ஒரு வீட்டில் அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும்.

உங்க ஊர் பக்கத்திலும் இதே மாதிரி ஏரியோ மலையோ திணறிக்கொண்டிருந்தால் எழுதி அனுப்புங்க, ஒரு எபிசோடு பேசலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.